எனக்கு வராத கடிதம்

பாங்காக்
மே 6

அன்புள்ள துவான் அக்காவுக்கு,

ருங் எழுதுகிறேன். சாப்பாடும் தூக்கமும் குறையில்லாமல் நடக்கின்றன. இடது முழங்கால் மட்டும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறது. நீயும் புன்மா அத்தானும் சுகம்தானே? அப்பாவின் இருமல் நின்றதா?

எரிச்சலைத் தவிர இங்கிருந்து எழுத வேறு செய்தி இல்லை. நூறு மீட்டர் தடை ஓட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் என்னை முந்த ஆள் இல்லை. மணிலா, கோலாலம்பூர், சியோல் என்று நாட்டின் கொடியைச் சட்டையில் தைத்துக்கொண்டு போய் வந்தவள் நான். நேற்று அணி மேலாளர் தவீசக் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "இருபத்தேழு வயசாயிடுச்சு சாய்ருங். இன்னும் தடைய நீ தாண்டுறியா, இல்ல அது உன்னத் தாண்டுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் அறைத்தோழி தூம், குண்டு எறிபவள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. "சார், குண்டு எறியறதுக்கு வயசு வரம்பு இல்லதானே? யார் மேல எறியணும்னு சொல்லுங்க, போதும்" என்றாள். அதற்காக மைதானத்தை இருபது சுற்று ஓட வைத்தார். அவ்வளவு பெரிய உடம்பு, பாவம்.

ஜூன் கடைசியில் பயிற்சிக்காக ஜப்பான் அனுப்புகிறார்கள். செப்டம்பரில் ஜகார்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டி. அப்பா என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுது. நாகரிகமாக்கித் திருத்தாதே. அவர் வாயில் வருகிற மாதிரியே எனக்கு வேண்டும்.

உன் தங்கை
ருங்


நகோன் பனோம்
மே 29

ருங்குக்கு,

அக்காவின் அன்பு. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. நம் ஐஸ் கடையில் உமிக்குள் புதைத்து வைத்த கட்டிகள்கூட மத்தியானத்துக்குள் பாதியாகிவிடுகின்றன. அத்தான் ஐஸ் அறுக்கும் ரம்பத்தை எடுத்தால் வைக்க நேரமில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேலாளர் சொன்னதைக் கேட்டதும் அவர் சொன்னது, திருத்தாமல்:

"பத்து வேலி கட்டி வெச்சுப் பத்தையும் தாண்டச் சொல்றானுங்க. அந்த ஆளு ஒரு வேலிய தாண்டிக் காட்டட்டும் பாப்போம். வயித்தத் தூக்கி அந்தப் பக்கம் போடவே நாலு ஆளு வேணும். ஏம்மா, சுத்திப் போக வழியே கெடையாதா?"

பிறகு சொன்னார்: "வெண்கலம் குடுத்தா வாங்கிட்டு வரச் சொல்லு. விகாரையில மணி ஒண்ணு ஒடஞ்சு கெடக்கு."

இருமல் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே. முழங்காலுக்கு இஞ்சியை அரைத்துப் பற்றுப் போடு.

அன்புடன்
துவான்


ஃபுகுவோகா
ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்த ஊரில் நம் ஊர் ஒட்டரிசிச் சோறு கிடைக்காது, காரம் கிடைக்காது. தூம் தன் பையில் கொண்டுவந்த மிளகாய்ப் பொடியை மருந்து மாதிரி ஆளுக்குச் சிட்டிகை சிட்டிகையாகக் கொடுக்கிறாள். உங்கள் இருவரின் உடம்பு எப்படி?

இங்கே பயிற்சி தருகிற ஜப்பானிய அம்மாள் அதிகம் பேச மாட்டார். முதல் நாள் என்னை ஓட விட்டுப் பார்த்துவிட்டு, தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். முதல் தடைக்கு முன் எட்டாவது அடியை நான் ஒரு சாண் நெருக்கமாக வைக்கிறேனாம். ஒன்பது ஆண்டுகளாக! அந்த ஒரு சாணால் ஒவ்வொரு தடையிலும் மேலே எழும்பி இறங்குகிறேன். எழும்பக் கூடாது, ஓடிக்கொண்டே கடக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை உனக்கு எப்படிச் சொல்வது? ஒன்பது ஆண்டுகளாக நம் ஆட்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? கணுக்கால் எலும்பில் தோல் உரிந்து சாக்ஸ் ஒட்டிக்கொள்கிறது, பரவாயில்லை. இப்போது சரியாக வருகிறது.

தவீசக் மூன்று நாள் வந்து போனார். மைதானத்துக்கு வந்தது ஒரு மணி நேரம். மீதி நேரம் கேமரா கடைகளில். போகும்போது என்னிடம் சொன்னார்: "பதக்கத்த ஒரு வாரத்துல மறந்துடுவாங்க சாய்ருங். கதை இருந்தாத்தான் ஞாபகம் வெச்சுப்பாங்க. உனக்குன்னு ஒரு கதை இல்ல, அதுதான் உன் கொறை."

இருமலைப் பற்றி நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. இருக்கிறதா, இல்லையா? மருத்துவரிடம் காட்டினாயா? பதில் எழுது.

ருங்


நகோன் பனோம்
ஆகஸ்ட் 2

ருங்குக்கு,

அக்காவின் அன்பு. நல்ல மழை. ஆறு கரை வரைக்கும் ஏறிவிட்டது. லாவோஸ் கரை தெரியவில்லை. மழைக்காலத்தில் ஐஸ் யாருக்கு வேண்டும்? கடை சும்மா கிடக்கிறது.

அப்பா நன்றாகத் தூங்குகிறார். பகலிலும் தூங்குகிறார். பொழுது போகட்டும் என்று கடை வாசலில் கட்டில் போட்டிருக்கிறோம். மருத்துவரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தார்.

இந்த முறை அப்பா எதுவும் சொல்லவில்லை.

ஓட்டத்தில் கவனமாக இரு.

துவான்


ஜகார்த்தா
செப்டம்பர் 18

என் அருமை அக்காவுக்கும், கட்டிலில் உட்கார்ந்து கேட்கப் போகிற அப்பாவுக்கும்,

நான் நலமாக இல்லை, பைத்தியமாகிவிட்டேன்! மூன்றாவது! பதின்மூன்று புள்ளி முப்பத்தெட்டு! ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட வராத கோபத்தை இன்றைக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். அக்கா, இதை அப்பாவுக்குச் சத்தமாக வாசி.

எனக்கு ஆறாவது ஓடுபாதை. முதல் முறை பக்கத்துப் பெண் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னாலேயே பாய்ந்துவிட்டாள், எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை எட்டு அடி, கோடு போட்ட மாதிரி விழுந்தது. முதல் தடையைத் தாண்டியதே தெரியவில்லை. ஐந்தாவது வரைக்கும் சீனப் பெண்கள் இருவரின் முதுகு மட்டும் முன்னால். எட்டாவது தடையில் பின்னால் வந்த காலின் முட்டி பட்டுத் தடை கடகடவென்று ஆடியது. போச்சு என்று நினைத்தேன். விழவில்லை அப்பா! "விழுந்தாளா?" என்றுதானே எப்போதும் கேட்பீர்கள்? விழவில்லை. கடைசிப் பத்து மீட்டரில் பக்கத்தில் ஜப்பான்காரியின் மூச்சு கேட்கிறது. நெஞ்சை முன்னால் தள்ளிக் கோட்டில் பாய்ந்தேன். படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். நான்கு நிமிடம் காக்க வைத்தார்கள். ஒரு முடியிழை வித்தியாசம்.

மேடையில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய் காது வரைக்கும் போய்விட்டது. புகைப்படக்காரர், "கொஞ்சம் அடக்கமா நில்லுங்கம்மா" என்று சைகை காட்டினார், அதற்கும் சிரித்தேன். கீழேயிருந்து தூம், "பல்லு முப்பத்திரண்டும் சரியா இருக்கு, எண்ணிட்டேன், வாய மூடு" என்று கத்தினாள்.

தவீசக் கூட வந்து கைகுலுக்கினார். ஏனோ என் கண்ணைப் பார்க்கவில்லை. தோற்றுப்போனவர் அவர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ரேடியோவில் கேட்டீர்களா? அப்பா என்ன சொன்னார்? ஒரு எழுத்து விடாமல் எழுது.

உங்கள்
ருங்


பாங்காக்
அக்டோபர் 3

அக்கா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. வீட்டில் இரண்டு நாள் இருந்தும் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். விமான நிலையத்தில் மாலை போட்டார்கள். ஒரு நிருபர் மைக்கை என் வாயருகே நீட்டி, "அப்பா இறந்த செய்தி தெரிஞ்சும் எப்படி ஓடினீங்க?" என்று கேட்டான்.

"யாரோட அப்பா?" என்றேன்.

அப்படித்தான் கேட்டேன் அக்கா. யாரோட அப்பா என்று. இன்னும் சிரித்தபடியே.

தவீசக் என் முழங்கையைப் பிடித்தார். காதோரம் சொன்னார்: "இப்ப அழு. அழுதா போதும். பேச வேணாம்."

இரண்டு நாள் என்னை ஊருக்கு விடவில்லை. வரவேற்பு, விருந்து. பிறகு பஸ் ஏறினேன். நடத்துநர் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். எழுந்து நின்று பஸ்ஸில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "பேப்பர்ல வந்துச்சுல்ல, அப்பன் செத்த சேதிய நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு நாட்டுக்காக ஓடின பொண்ணு, இதுதான்." ஒரு கிழவி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நமக்கு மூத்தவள் அக்கா, என் காலை!

மேடையில் நான் சிரித்த படத்தைப் போட்டு அடியில் எழுதியிருக்கிறார்கள்: 'கண்ணீரை மறைத்த சிரிப்பு.' அது எதையும் மறைத்த சிரிப்பு இல்லை. ஜப்பான்காரியை முந்திய சிரிப்பு, அவ்வளவுதான். அப்பா சாம்பலாகி ஐந்தாம் நாள் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அதை நாடே சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறது.

செப்டம்பர் 11ஆம் தேதி இறந்தவரை 13ஆம் தேதி எரித்திருக்கிறீர்கள். என்ன அவசரம்? பணக்காரர்கள் நூறு நாள் வைக்கவில்லையா? நம் ஊரிலேயே பள்ளி ஆசிரியரின் உடல், மகன் சவுதியிலிருந்து வரட்டும் என்று நாற்பது நாள் விகாரையில் இருக்கவில்லையா? நான் பத்தே நாளில் வந்திருப்பேன். எரிப்பதற்கு முன் கடைசி மரியாதையாக அப்பாவின் கையில் எல்லோரும் தண்ணீர் ஊற்றினார்கள். எதிர்வீட்டுக்காரி ஊற்றியிருக்கிறாள். மீன் விற்கிறவன் ஊற்றியிருக்கிறான். நான் ஊற்றவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது நீ ஐஸ் அறுத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் அறுத்தாய்.

ஏன்?

சாய்ருங்


நகோன் பனோம்
அக்டோபர் 15

சாய்ருங்குக்கு,

அக்கா எழுதுவது. நீயும் நலமாயிருக்க மாட்டாய், நாங்களும் இல்லை. அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மார்ச் மாதத்திலிருந்தே நெஞ்சு வலி. செப்டம்பர் 5ஆம் தேதி மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தோம். 8ஆம் தேதி ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து பாங்காக்குக்குத் தொலைபேசியில் பேசினேன். உங்கள் மேலாளரே எடுத்தார். "போட்டி முடியட்டும், இப்ப சொன்னா ஒம்பது வருஷ உழைப்பு வீணாப்போகும், பாவம் உங்க தலையில" என்றார். 12ஆம் தேதி அவருடைய ஆள் ஒருவர் வெள்ளைக் காரில் மலர் வளையத்தோடு வந்தார். உடல் விகாரையில் இருந்தால் செய்தி பரவும், ஜகார்த்தாவுக்கும் போய்விடும், சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றார். முடித்தோம்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவே சொன்னார். அவர் பேச்சை மீற எனக்கு மனம் வரவில்லை.

நீ கேட்டாய், நானும் கேட்கிறேன். ஒன்பது வருடத்தில் நீ இந்த வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு மழைக்காலம் தேறுமா? அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. உன் தலையை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பியது யார்? அப்பாவின் எச்சில் கிண்ணத்தைக் கழுவியது யார்? பாயை மாற்றியது யார்? நீ ஃபுகுவோகாவிலிருந்து "பதில் எழுது" என்று உத்தரவு போட்டபோது நான் அவரைத் தோளில் தாங்கிக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஐஸ் அறுத்தேன் என்கிறாய். அறுக்காவிட்டால் ஐஸ் காத்திருக்குமா?

உனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. உனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதே.

துவான்


பாங்காக்
அக்டோபர் 23

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நீ சொன்னதில் பாதி நியாயம், அதை ஒப்புக்கொள்கிறேன். எச்சில் கிண்ணத்தைக் கழுவியவள் நீ. அதற்கு நான் என்றைக்கும் ஈடு கொடுக்க முடியாது. அப்பாவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் இனி என்ன பேச முடியும் என்று இரண்டு நாள் அழுது முடித்தேன்.

மூன்றாம் நாள் தூம் ஒரு விளையாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டாள். வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்.

உன் கையெழுத்து. நூறு பேர் கையெழுத்தோடு கலந்து காட்டினாலும் எனக்குத் தெரியும். செப்டம்பர் 12 என்று தேதி. 'அன்புத் தங்கை சாய்ருங்குக்கு, அப்பா நேற்று நம்மை விட்டுப் போய்விட்டார். அழாதே. தாய்நாட்டுக்காக ஓடு. உன் காலடிச் சத்தம்தான் அப்பாவுக்குச் செய்யும் இறுதி மரியாதை.'

நீ என்னை சாய்ருங் என்று கூப்பிடுவதே கோபத்தில்தான். தாய்நாடு என்ற சொல்லை நீ வாழ்க்கையில் எழுதியதில்லை.

இந்தக் கடிதம் எனக்கு வரவில்லை. எப்போது எழுதினாய்?

ருங்


பாங்காக்
நவம்பர் 21

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நான்கு வாரமாகப் பதில் இல்லை. நம் ஊர்த்தலைவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். "வந்தாங்க, நீ கூப்பிடறேன்னு சொன்னதும் திரும்பிப் போயிட்டாங்கம்மா" என்றார்.

இதற்காவது பதில் எழுது, ஏனென்றால் நாள் குறித்துவிட்டார்கள். டிசம்பர் 5, தந்தையர் தினம். தடகளச் சங்கம் விழா எடுக்கிறது. எனக்கு 'உத்தம மகள்' என்று கேடயம். உன் கடிதத்தை நான் மேடையில் வாசிக்க வேண்டும். தொலைக்காட்சி வருகிறதாம். பள்ளிக்கூடங்களுக்கு அச்சடித்து அனுப்பப் போகிறார்களாம், பிள்ளைகள் மனப்பாடம் செய்ய.

"இது எனக்கு வந்ததே இல்ல சார்" என்றேன்.

தவீசக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "வந்துச்சா வரலையான்னு யாரும்மா தபால்காரனக் கேக்கப் போறா? உனக்குன்னு ஒரு கதை இல்லாம இருந்துச்சு. இப்ப கெடச்சிருக்கு. வாசி. அடுத்த வருஷம் ஜெர்மனி போ, உலகப் போட்டியில ஓடு. வாசிக்கலேன்னா, முழங்கால் சரியில்லாத இருபத்தெட்டு வயசுக்காரிய அனுப்பணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

ஜெர்மனி, அக்கா. நம் நாட்டிலிருந்து ஒருத்தியும் அந்தப் போட்டியில் தடை ஓட்டம் ஓடியதில்லை. எட்டாவது அடி இப்போதுதான் சரியாக விழுகிறது.

அவர் கதையை நான் கிழிக்க வேண்டுமானால் நீ சொல்ல வேண்டும். எப்போது எழுதினாய்? ஏன் எழுதினாய்?

ருங்


நகோன் பனோம்
நவம்பர் 29

ருங்குக்கு,

அத்தான் சௌக்கியம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் அத்தானிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 20ஆம் தேதி எழுதினேன். நீ ஜெயித்து இரண்டு நாள் கழித்து. அதே வெள்ளைக் கார், அதே ஆள். ஐஸ் கடை மேசையில் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் காகிதம் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "தேதி மட்டும் 12ன்னு போட்டுடுங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்காகத்தாம்மா. மறைச்சீங்கன்னு தெரிஞ்சா ஊரு காறித் துப்பும். தங்கச்சி ஜென்மத்துக்கும் மூஞ்சியில முழிக்க மாட்டா. இந்தக் கடுதாசி ஃபைல்ல இருந்தா யாரு மேலயும் தப்பு இல்ல. நீங்க சொன்னீங்க, தபால்ல லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். பத்திரிகையில் வரும் என்று சொல்லவில்லை.

பயந்துதான் எழுதினேன். ஆனால் பயம் மட்டும் இல்லை. அந்த ஆள் தாய்நாடு, மரியாதை என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை. 'அப்பா நேற்று நம்மை விட்டுப் போய்விட்டார்' என்று எழுதியபோது, நிஜமாகவே உனக்குச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. ஒன்பது நாளாக நெஞ்சில் ஐஸ் கட்டியாகக் கிடந்தது கொஞ்சம் கரைந்தது.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷி இல்லை. போன கடிதத்தில், உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னதாக எழுதினேனே, அது பொய். அப்பா உன்னைக் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணைத் திறந்து, "சின்னவ எங்க?" என்றார். வெளிநாட்டில் என்றேன். "கூப்புடு" என்றார். போட்டி இருக்கிறது என்றேன். "போட்டி கெடக்கட்டும், கூப்புடு. மூஞ்சியப் பாக்கணும்" என்றார். மத்தியானம் மறுபடியும் கேட்டார். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாய் என்று சொன்னேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை விடியும்போதும் கண் அந்தப் பக்கம்தான் இருந்தது.

உன்னைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய். எனக்குத் தெரியும். ஓட்டத்தை விட்டுவிட்டு வந்திருப்பாய். இத்தனை வருடம் நீ இல்லாமல் போனதற்கெல்லாம் கடைசியில் ஏதாவது கையில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அதை முடிவு செய்ய நான் யார்?

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். வாசித்துவிட்டு ஜெர்மனி போ. ஊரெல்லாம் கேட்க என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. நான் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

துவான்


பாங்காக்
டிசம்பர் 8

அக்காவுக்கு,

உன் கடிதம் 3ஆம் தேதி கிடைத்தது. வாசித்து முடித்ததும் மைதானத்துக்குப் போனேன். பத்துத் தடைகளையும் எடுத்து வைத்தேன். ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினேன். காவலாளி ஓடி வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. உன்னை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று பொய் எழுத மாட்டேன். நம் குடும்பத்தில் இனிமேல் ஒரு பொய்க் கடிதம் வேண்டாம்.

விழாவில் நடந்ததை மற்றவர்கள் வாயால் கேட்டிருப்பாய். என்னிடமிருந்தும் கேள்.

மஞ்சள் துணி போட்ட மேடை. முன் வரிசையில் பெரிய மனிதர்கள். உன் கடிதத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாசித்தேன். முழுவதையும் வாசித்தேன். பின் வரிசையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. வாசித்து முடித்ததும், "இது எனக்கு வரல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "இந்தக் கடுதாசி எனக்கு வரவே இல்ல. எங்கப்பா செத்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேன். என்னைக் கூப்பிடச் சொல்லி எங்கப்பா கேட்டாரு. கூப்பிட விடல. அந்தப் படத்துல நான் கண்ணீர மறைச்சுக்கிட்டுச் சிரிக்கல. எதுவும் தெரியாமச் சிரிச்சேன்."

தவீசக் எழுந்து வந்து மைக்குக்காகக் கை நீட்டினார். கூட்டத்தைப் பார்த்துப் புன்னகையோடு, "பாவம், துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியாமப் பேசுது பொண்ணு" என்றார். என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப இத எழுதினது யாரும்மா? உங்க அக்கா பொய் சொன்னாங்கறியா?" என்றார். நான் அங்கே நின்றுவிடுவேன் என்று நினைத்தார். உன் கெஞ்சல் கண் முன்னால் வந்தது. ஒரு நொடி நின்றும் போனேன்.

பிறகு சொன்னேன்: "கை எங்க அக்காவோடது. வாய் உங்களோடது சார்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். பின்னாலிருந்து தூம் ஒருத்திதான் கைதட்டினாள். அவள் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது, மண்டபமே அதிர்ந்தது.

மறுநாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒழுங்கு மீறலுக்காக எனக்கு இரண்டு ஆண்டுத் தடை. பத்துத் தடை போதாதென்று பதினொன்றாவது. ஜெர்மனி இல்லை. தடை தீரும்போது எனக்கு முப்பது. ஒன்பது வருடம் அவர்கள் கொடுத்த சீருடைகளை மடித்துக் கொடுத்துவிட்டேன். ஜகார்த்தாவில் போட்ட காலணியைக் கேட்டார்கள். அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னை ஊரறியப் பொய்க்காரி ஆக்கினேன். அதற்காக வருத்தப்படுகிறேன். செய்ததற்காக வருத்தப்படவில்லை.

ருங்


நகோன் பனோம்
டிசம்பர் 13

ருங்குக்கு,

அக்காவின் அன்பு. பனிக்காற்று ஆரம்பித்துவிட்டது. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்.

தொலைக்காட்சி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். இரண்டு நாள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என் காதுபட, "பெத்த அப்பன் கேட்டும் கூப்பிடாதவ" என்றாள். நான் குடத்தை வைத்துவிட்டு அவள் எதிரே போய் நின்றேன். "ஆமா, கூப்பிடல. ஒளிஞ்சு சொல்லாத, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் அறிவிப்புப் படித்துக்கொண்டிருந்தார். மாட்டுத் தடுப்பூசி பற்றி. நான் போய் மைக்கை வாங்கினேன். தொலைபேசியில் என்னிடம் சொன்னதையும், கார் வந்ததையும், கடிதம் எழுதினதையும், அப்பா கேட்டதையும் சொன்னேன். அந்த மேலாளரின் பெயரை மூன்று முறை சொன்னேன். அழவில்லை. எனக்குக் குரல் இவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும், காய்ந்த மலர் வளையத்தை அலமாரி மேலிருந்து எடுத்தேன். சங்கத்தின் பெயர் எழுதிய நாடாவை அத்தான் அடுப்பில் போட்டார். ஈரமாக இருந்ததோ என்னவோ, வெகுநேரம் புகைந்தது.

இப்போது ஆட்கள் வருகிறார்கள். ஐஸ் வாங்குகிறார்கள். பேசுவதில்லை. பரவாயில்லை.

19ஆம் தேதி அப்பாவுக்கு நூறாம் நாள். ஒன்பது துறவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எலும்பும் சாம்பலும் கலயத்தில் இருக்கின்றன. ஆற்றில் கரைக்க எல்லோரும் நாள் பார்த்தார்கள். சின்னவள் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். நீ ஒரு வருடம் கழித்து வந்தாலும் கலயம் அங்கேயே இருக்கும்.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கோபத்தோடே வா. கோபம் தணியட்டும் என்று காத்திருந்தால் துறவிகளுக்கு வைத்த சோறு ஆறிப்போகும்.

துவான்